மல்லாட்டைக்கும் விமானத்துக்கும் ஒரே ரன்வே

இந்தத் தை வந்தால் எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது மூன்று. தம்பி இறந்த பிறகு அவன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் இன்றைக்குச் சொந்தமாகச் சம்பாதித்துச் சாப்பிடுகின்றன. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாவது வரைக்கும்தான். எண்கள் நன்றாகத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கோலத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொள்வேன். இதை வைத்துக்கொண்டு பதினோரு வருடம், விமானம் ஓட்டி வருகிறவர்களுக்கு இறங்கலாம், இறங்கக் கூடாது என்று சொல்லும் வேலையைப் பார்த்தேன்.

போன மாதம் அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாலிடெக்னிக் படித்தவர்கள். டீ குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: "எழுதப் படிக்கத் தெரியாமயே எப்படிம்மா இத்தனை வருஷம் ஓட்டுனீங்க?"

"தெரியாமன்னு யாருப்பா சொன்னது? கம்மியா தெரியும்" என்றேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. எப்படி ஓட்டினேன், எங்கே தவறினேன் என்று சொல்லிவிடுகிறேன். இனி அந்த வேலையைப் பார்க்கப் போகிற உங்களுக்கும் உதவும்.

இடம்

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது அந்த ரன்வே. ஒரு நூற்பாலை முதலாளி குடும்பம் தங்கள் சொந்தத் தேவைக்குப் போட்டது. நீளமாகத் தார், ஓரத்தில் ஒரு அறை, காற்று எந்தப் பக்கம் என்று காட்டக் கம்பத்தில் ஒரு காற்றுப் பை. ரேடியோ இல்லை. விளக்கும் இல்லை, அதனால் இருட்டில் யாரும் இறங்க முடியாது. முதலாளி குடும்பம் வருவது எப்போதாவதுதான். மற்ற நாட்களில் சொந்த விமானம் வைத்துத் தாங்களே ஓட்டுகிறவர்கள் வருவார்கள். அண்ணாமலையாரைப் பார்க்க வருவார்கள், நிலம் பார்க்க வருவார்கள், சும்மா பறந்து பார்க்கவும் வருவார்கள்.

இந்த மாதிரிச் சின்ன இடத்தில் நினைத்தபோது வந்து இறங்கிவிட முடியாது. முன்கூட்டியே பர்மிஷன் கேட்க வேண்டும். காகித வேலையெல்லாம் வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் மேனேஜர் பார்ப்பார். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ரன்வேயில் மாடு நிற்கிறதா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அதனால் கடைசி வார்த்தை ரன்வேயிலிருந்துதான் போக வேண்டும். முதலில் என் வீட்டுக்காரர் அங்கே வாட்ச்மேனாக இருந்தார். அவர் போன பிறகு கேட் சாவியையும் செல்போனையும் என் கையில் கொடுத்தார்கள்.

முதல் போன்

முதல் நாள் மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தது. சென்னையில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர். வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்ட நாலு சீட் விமானம் அவருடையது. பிறகு அவர் எனக்கு நன்றாகப் பழக்கமாகிவிட்டார்.

"அம்மா, நாளைக்குக் காலையில வரேன். ரன்வே எப்படி இருக்கு?"

"நல்லாருக்குது சார். நீங்க எப்படி இருக்கீங்க? வூட்ல எல்லாம் சௌக்கியமா?"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யம்மா, அவரு இன்னா உன் வூட்டுக்குப் பொண்ணு பாக்கவா வராரு? ரன்வேயைக் கேக்கறாரு. போய் நடந்து பாத்துட்டு வந்து சொல்லு."

யார் கேட்டாலும் நல்லா இருக்கிறது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வயிறு காய்ந்து கிடந்தபோதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தேன். கிழக்கு முனையில் இரண்டு ஆடு படுத்திருந்தது. நடுவில் அறுந்த செருப்பு ஒன்று. கை அளவுக் கல் மூன்று. எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு அவருக்கே போன் போட்டேன்.

"சார், முன்ன நல்லாருக்குதுன்னு சொன்னேனே, அது பொய். இப்பதான் நல்லாருக்குது."

அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது.

அதிலிருந்து நான் சொல்ல வேண்டியது நாலே விஷயம் என்று வைத்துக்கொண்டேன். தரை ஈரமா காய்ச்சலா, மேலே ஏதாவது கிடக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து, ஆடு மாடு உண்டா இல்லையா. மூட்டு வலித்தாலும் நடந்து பார்க்காமல் இந்த நாலையும் சொன்னதில்லை. பதிலுக்கு நானும் கேட்காமல் விட மாட்டேன். பம்ப் கம்பெனி சார் சொல்வார்: "கலெக்டர் ஆபீஸ்லகூட இவ்ளோ கேள்வி இல்லம்மா. எத்தனை பேரு, எத்தனை மணி, எப்ப திரும்புவீங்கன்னு குடையறீங்க."

"அங்க கையெழுத்து தப்பாப் போனா மாத்திப் போட்டுக்கலாம் சார்" என்பேன்.

தீபத்துக்கு வருகிறேன் என்றவர்

ஒரு கார்த்திகைக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். மலை உச்சியில் தீபம் ஏற்றும் நேரத்துக்கு வந்து, மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவாராம். வீடியோ எடுக்க வேண்டுமாம்.

"அன்னிக்கு இல்ல சார். மறுநாளும் இல்ல. வேற நாள் சொல்லுங்க."

"யாரும்மா நீங்க? பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க."

"இங்க நான்தான் சார் பெரியவ."

அவர் மேனேஜரிடம் பேசினார், முதலாளி வீட்டிலும் பேசினார். சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தார். நான் அதையேதான் சொன்னேன். கீழே அத்தனை ஜனம் வெறுங்காலோடு மலையைச் சுற்றும். அதற்கு மேலே இவர் மோட்டாரை உருட்டிக்கொண்டு போவாரா? போதாததற்கு, இருட்டிய பிறகு இறங்க எங்களிடம் விளக்கு எங்கே? அவர் பிறகு தை மாதத்தில் வந்து இறங்கினார். ஒரு கிலோ இனிப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இல்லை என்று சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்ததில்லை. வாங்க என்று சொன்ன ஒரு நாள்தான் மாட்டிக்கொண்டேன்.

ரன்வேயில் மல்லாட்டை

வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். எங்களுக்கு மல்லாட்டை. செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்த பிறகு நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். ஈரம் நின்றால் காய் கறுத்துவிடும், வியாபாரி தொட மாட்டான். மண் தரையைவிடத் தார் சீக்கிரம் காய வைக்கும். எங்கள் ஊர் மேட்டில் அவ்வளவு பெரிய தார்த்தரை வேறு எது இருக்கிறது?

நிலம் வாங்கியபோதே பெரிய முதலாளி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்: விமானம் வராத நேரத்தில் காய வைத்துக்கொள்ளுங்கள் என்று. மேனேஜருக்கு அது பிடிக்காது. "ஒரே ஒரு தகராறு வரட்டும், அன்னிக்கோட சரி" என்று வருடா வருடம் சொல்வார்.

ஆக, அறுப்புக் காலத்தில் விமானம் மட்டுமல்ல, மல்லாட்டையும் என்னிடம்தான் அனுமதி கேட்கும். முதல் நாளே வந்து கேட்க வேண்டும். இத்தனை மணிக்குப் பரப்பு, இத்தனை மணிக்குள் வாரு என்று சொல்வேன். ஊர்க்காரர்கள் வாரி முடித்ததும் நான் பெருக்கிவிட்டு, நடந்து பார்த்துவிட்டுத்தான் விமானத்துக்கு வார்த்தை போகும். எட்டு அறுப்பு அப்படித் தகராறில்லாமல் போனது.

இரண்டு முப்பது

அது ஆவணி. மேனேஜர் தன் மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டார். வழக்கமாக மெசேஜ் அவருக்கு வரும், அவர் படித்துப் பார்த்து எனக்குப் போனில் சொல்வார். "இந்த ஒரு வாரம் மெசேஜ் நேரா உன் போனுக்கே வரும். புரியலன்னா எனக்கு அடி" என்றார்.

"கல்யாணத்தைப் பாருங்க சார். மெசேஜை நான் பாத்துக்கறேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மெசேஜ் வந்தது. பம்ப் கம்பெனி சார் விமானத்தின் எழுத்துகள் எனக்கு அடையாளம் தெரியும். மறுநாள் தேதி தெரிந்தது. பிறகு 0230 என்று எண். அதன் பின்னால் ஒட்டினாற்போல ஒரு இங்கிலீஷ் எழுத்து.

இரண்டரை. இருட்டில் இறங்க முடியாது. அப்படியென்றால் மத்தியானம் இரண்டரை. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த எழுத்து எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. என் பேத்தி அகிலா பக்கத்து அறையில்தான் படித்துக்கொண்டிருந்தாள். மேனேஜரும் அடி என்று சொல்லியிருந்தார். இருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைப்பு.

ரன்வேயை நடந்து பார்த்துவிட்டு பம்ப் கம்பெனி சாருக்கு வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினேன்: "வாங்க சார். தரை காய்ச்சல். ஒண்ணும் கெடக்கல. காத்து மேற்காலேருந்து. நாளைக்கு நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் சுத்தமா இருக்கும்."

அடுத்ததாக என் ஓரகத்தி சரோஜா வந்தாள். என் கொழுந்தனார் சம்சாரம். இரண்டு ஏக்கர் போட்டிருந்தாள். அந்த வருடத்துக்கு அவளுக்கு அதுதான் எல்லாம். "யக்கா, நாளைக்குப் பரப்பலாமா?"

"விடியக்காலையில பரப்பு. ஒரு மணிக்கு ஒரு காய் இருக்கக் கூடாது."

காலையில் சரோஜாவும் இன்னும் நாலு வீட்டுக்காரர்களும் வந்து கிழக்குப் பாதி முழுவதும் பரப்பிவிட்டார்கள். நான் கேட் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். எட்டு மணி ஆகப் போகிறது. வானத்தில் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை உடம்பு, நீலக் கோடு.

விமானக்காரர்கள் எழுதுவது நம் ஊர் மணி இல்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு மணி வைத்திருக்கிறார்கள். அதோடு ஐந்தரையைக் கூட்டினால்தான் நம் மணி. அந்தக் கடைசி எழுத்துக்கு அதுதான் அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். மேலே ஆள் வந்துவிட்டார், கீழே தாரே தெரியாமல் மல்லாட்டை கிடக்கிறது.

ரன்வே மூடியிருக்கிறது என்று மேலே இருப்பவருக்குக் காட்ட ஒரே வழி, பெருக்கல் குறி மாதிரி வெள்ளைத் துணியைக் குறுக்கே விரிப்பதுதான். நீளத் துணி இரண்டு, ஓரத்துக்கு வைக்க மணல் பைகள், எல்லாம் அறையில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. நான் வாரிக்கொண்டு ஓடினேன். சரோஜா எதிரே வந்து துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இதப் போடாத. போட்டா அவரு திரும்பிப் போவாரு, மேனேஜருக்குத் தெரிஞ்சிடும். அன்னிக்கோட சரின்னு சொல்லிக்கினே இருக்காரே, மறந்துட்டியா?"

"தெரியும்."

"உன் வேலையும் போவும்."

"அதுவும் தெரியும்டி."

"மேற்குப் பாதி காலியாதான கெடக்குது? சின்ன விமானம்தான? அதுல இறங்கிக்கட்டும். நாங்க அதுக்குள்ள கொஞ்சம் ஒதுக்கிடறோம். யாருக்கும் தெரியாது யக்கா."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. பாதி போதுமோ என்னவோ. ஆனால் காற்று மேற்கிலிருந்து அடித்தது. காற்றை எதிர்த்து இறங்குகிறவர் கிழக்கிலிருந்துதான் வருவார். அத்தனை மல்லாட்டைக்கும் மேலே தாழப் பறந்து வர வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே சக்கரம் தொட்டுவிட்டால் காய் உருளும், சக்கரம் வழுக்கும். நாலு பெண்கள் நடுவில் குனிந்துகொண்டு வேறு இருக்கிறார்கள். பாதி போதும் என்று சொல்ல நான் யார்? அவர் என்னிடம் கேட்டது முழு ரன்வே. நான் வாங்க என்று சொன்னதும் முழு ரன்வேக்குத்தான்.

"சரோஜா, அந்த முனையைப் புடி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். மேற்குப் பாதியில், நன்றாகக் கண்ணில் படுகிற இடத்தில், இரண்டு துணியையும் குறுக்காக இழுத்தோம். காற்றில் ஒரு முனை தூக்கியது. மணல் பை வைக்க நேரமில்லாமல் சரோஜா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். விமானம் கிழக்கே போய்த் திரும்பி, தாழ்ந்து, நேராக எங்களைப் பார்த்து வந்தது. மற்ற பெண்கள் ஓரத்துக்கு ஓடினார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் திடீரென்று பெரிதானது. மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போனது. ஒரு சுற்றுச் சுற்றி இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது.

சரோஜா துணியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே அழுதாள்.

கடிதம்

மேனேஜருக்கு நானே போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு, "எல்லாத்தையும் வாரச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் ஒரு காய் உள்ள வரக் கூடாது" என்றார்.

பத்து மணிக்குப் பம்ப் கம்பெனி சார் புதுச்சேரியிலிருந்து பேசினார்.

"அம்மா, அந்தப் பழுப்பா கெடந்தது இன்னா?"

"மல்லாட்டை சார்."

"ரிப்பேருக்கு மண்ணு கொட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன். மீதிப் பாதியில இறங்கிடலாம்னுதான் வந்தேன். அந்தக் குறுக்குத் துணியைப் பாத்த பிறகுதான் மேல ஏத்துனேன். கிளம்பறதுக்கு முன்னாடி நானும் ஒரு போன் பண்ணியிருக்கணும். நீங்க வாங்கன்னு சொல்லிட்டீங்களேன்னு விட்டுட்டேன்." நடந்ததை, விமானங்களைக் கவனிக்கிற சென்னை ஆபீஸுக்கு எழுத வேண்டியது தன் கடமை என்றும் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மேனேஜர் லட்டுப் பையோடு வந்தார். லட்டைக் கொடுத்துவிட்டுத் திட்டினார். கோபம் ஆறியதும் பையிலிருந்து தாளை எடுத்தார். சென்னை ஆபீஸில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"நான் ஒரு வழி சொல்றேன் கேளு. மெசேஜ் இங்கிலீஷ்ல வந்திச்சு, இந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால தப்பு நடந்திச்சுன்னு எழுதிடறேன். உன் வேலைக்கு ஆபத்து வராது."

"அப்படி எழுதாதீங்க சார்."

"ஏம்மா, உன் நல்லதுக்குத்தான சொல்றேன்?"

"படிக்கத் தெரியாதுன்னு ஒரு வாட்டி எழுதிட்டா, அப்புறம் அந்தப் போன் என் கைக்கு வராது. கேட்டைத் தொறந்து மூடத்தான் வெச்சிருப்பீங்க. எனக்கு எண்ணு தெரியும். பின்னால ஒரு எழுத்து இருந்ததும் தெரியும். உங்களையும் கேக்கல, பேத்தியையும் கேக்கல. கேக்காம விட்டான்னு எழுதுங்க."

"வேலை போனாலும் பரவால்லையா?"

"போனா போவட்டும் சார். நான் செஞ்ச தப்புக்குப் போவட்டும்."

அவர் பேனாவைத் திறந்து தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு நான் சொன்னபடியே எழுதினார். கீழே நான் என் பெயரை எழுதினேன். கைநாட்டு வைக்கவில்லை.

வேலை போகவில்லை, போன் போனது. ஒரு மாதம் போன் மேனேஜரிடம் இருந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் வேங்கிக்காலிலிருந்து என் வீட்டுப் போனுக்கு அடித்து, "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா" என்பார். நான் சொன்னதை அப்படியே அவர்களுக்குச் சொல்வார். மாதம் முடிந்ததும், "இதுக்கு நீயே பேசிக்கலாம்" என்று போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

மல்லாட்டைக்குத்தான் கெட்ட காலம். அந்த வருடம் முழுக்க அதற்கு ரன்வே மூடிவிட்டது. சரோஜா கீழ்பென்னாத்தூர் ரோட்டோரத்தில் கொண்டுபோய்ப் பரப்பினாள். ஆவணி மழை வந்தது. இரண்டு மூட்டை கறுத்துப்போனது. மூன்று மாதம் என் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. நான் போய் நின்றபோது, "உன்கிட்ட பர்மிஷன் கேட்டுத்தான பரப்புனேன்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த அறுப்புக்கு மேனேஜரிடம் நடையாய் நடந்து, விமானம் நிறுத்துகிற தளத்தில் மட்டும், கயிறு கட்டிப் பிரித்து, காய வைக்க இடம் வாங்கினேன். முதல் வரிசை சரோஜாவுக்குக் கொடுத்தேன். "கொஞ்சம் எடம்தான்" என்று முனகிக்கொண்டே பரப்பினாள்.

இப்போது உங்கள் மெசேஜில் நம் ஊர் மணி தனியாக எழுதி வருகிறதே, கிளம்பும் முன் ஒரு போன் கட்டாயம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதே, இரண்டும் அந்த ஆவணியில் வந்தவை. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், ஐந்தரையைக் கூட்டவும் தெரியும். உங்களுக்கும் தெரியாத எழுத்து ஒரு நாள் வரும். அன்றைக்கு வாங்க என்று சொல்வதற்கு முன்னால் யாரையாவது கேட்டுவிடுங்கள். கேட்டால் கொஞ்ச நேரம் முகம் சிறுத்துப்போகும். அவ்வளவுதான். நான் கேட்காமல் விட்டதற்கு என் ஓரகத்தியின் இரண்டு மூட்டை போனது. அதைவிடப் பெரிதாகப் போகாதது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதினது அகிலா. நல்ல பிள்ளை. பாட்டிமேல் பாசம் ஜாஸ்தி. எழுதும்போது இரண்டு தடவை, "மெசேஜ் குழப்பமா வந்ததுன்னு போட்டுடட்டுமா ஆயா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினாள். ஆனால் அவள் பேனா என்ன செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அகிலா, அந்த இரண்டரை மணி இடத்தை எடு. நான் யாரையும் கேக்கலன்னு சொன்னேனே, அந்த வரி. இருக்குதா? சத்தமா படி, கேக்கறேன்.